கூர்வளைவும் கோபுரமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி, உச்சிப்பிள்ளையார் கோயிலின் வாயிலில் நின்று நாற்புறமும் நோக்குவார்க்கு, அந்நகரின் நெடுங்கால வரலாறு ஒரே காட்சியாகத் தோன்றும். வடக்கே காவிரி அகன்று செல்கின்றது. அதற்கப்பால், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்துக் கோபுரங்கள் தென்னஞ்சோலைகளுக்கு மேலே எழுந்து நிற்கின்றன. அவற்றிற்குக் கிழக்கே திருவானைக்காவின் கோபுரங்கள் தெரிகின்றன. பார்வையைத் தாழ்த்தி மலையடிவாரத்தை நோக்கினால், தெப்பக்குளத்தை அடுத்து, ஊசிமுனை போன்ற சிகரத்தோடு லூர்து மாதா ஆலயம் நிற்கக் காணலாம்.

கோபுரமும் வானை நோக்கி உயர்கின்றது. ஆலயத்தின் சிகரமும் வானை நோக்கி உயர்கின்றது. ஆயினும் இரண்டும் உயரும் முறை வேறு. கோபுரம் அகன்ற அடியிலிருந்து படிப்படியாக ஒடுங்கி, மேலே கலசங்களைத் தாங்கி நிற்கின்றது. ஆலயமோ கூரிய வளைவுகளும் நீண்ட சாளரங்களும் மெல்லிய சிகரமும் கொண்டு விளங்குகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? இவ்வினாவிற்கு விடை தேடுவோமாயின், கல்லையும் சுமையையும் பற்றிய இரு பெரும் கலைமரபுகளை நாம் அறிந்தவர்களாவோம்.

லூர்து மாதா ஆலயம் அமைந்துள்ள பாணிக்குக் கோதிக் பாணி என்று பெயர். அது பிரான்சு நாட்டில் 12ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பாரிசு நகரை அடுத்த செயின்ட் டெனிசு என்னும் மடத்தின் தலைவராயிருந்த சூசே என்பார், தம் மடத்துப் பழைய ஆலயத்தின் கிழக்குப் பகுதியைப் புதுக்கி, 1144இல் திருநிலைப்படுத்தினார். இருண்ட சுவர்களுக்கு மாறாக வண்ணக் கண்ணாடிகளின் வழியே ஒளி பாயும் அவ்விடமே கோதிக் பாணியின் தொட்டில் என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கூறுவர். அக்காலத்தார் இதனைப் ‘பிரெஞ்சு வேலை’ என்றே வழங்கினர். பிற்காலத்தில் இத்தாலிய அறிஞர் சிலர், பண்டை உரோமானியரின் கலையே சிறந்தது எனக் கருதி, இப்பாணியைக் ‘கோத்தர்’ என்னும் நாகரிகமற்ற கூட்டத்தாரின் வேலை என்று இகழ்ந்தனர். கோத்தர்க்கும் இக்கலைக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இகழ்ச்சியாக இட்ட அப்பெயரே நிலைத்துவிட்டது. இன்று அது புகழ்ப்பெயராக வழங்குகின்றது.

இக்கலையின் நுட்பத்தை அறிதற்கு முன் ஒரு சிறு செய்தியை உணர்தல் வேண்டும். இரண்டு தூண்களின்மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்து இடைவெளியை மூடுதல் மிகப் பழைய முறை. அவ்வாறு வைக்கும் கல்லை உத்தரம் என்பர். கல் தன்மேல் அமரும் சுமையை நன்கு தாங்கும். ஆனால் வளைவைத் தாங்காது. தூண்களுக்கு இடையே உள்ள தொலைவு மிகுமாயின், உத்தரம் நடுவில் விரிந்து முறிந்துவிடும். ஆதலின் இம்முறையில் தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும்.

மற்றொரு முறை வளைவு. சிறு சிறு கற்களை ஆப்பு வடிவில் செதுக்கி, வில்போல் அடுக்கி, உச்சியில் ஒரு முடிகல்லை வைத்துவிட்டால், ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்கி நிற்கும். கட்டி முடியும்வரை அவற்றைத் தாங்க மரச்சாரம் தேவை. முடிந்தபின் சாரத்தை எடுத்துவிடலாம். இவ்வாறு பெரிய இடைவெளியையும் மூட இயலும். ஆனால் வளைவுக்கு ஒரு குணம் உண்டு. மாணவர் இருவர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்க்கட்டும். கைகள் ஒன்றையொன்று தாங்கும். ஆனால் கால்கள் பின்னோக்கி வழுக்கத் தொடங்கும். பின்னால் ஒருவர் நின்று காலை முட்டுக் கொடுத்தால்தான் இருவரும் விழாமல் நிற்பர். வளைவும் அத்தகையதே. அது கீழே அமுக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. அத்தள்ளுதலைத் தாங்குதற்கு முற்காலத்தார் சுவரை மிகப் பருமனாக எழுப்பினர். பருத்த சுவரில் பெரிய சாளரம் வைத்தால் வலிமை குறையும். ஆதலின் பழைய ஆலயங்கள் உள்ளே இருண்டு கிடந்தன.

கோதிக் கொத்தர்கள் இச்சிக்கலை மூன்று கருவிகளால் தீர்த்தனர். முதலாவது, கூர்வளைவு. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதியாகவே இருக்கும்; கூர்வளைவையோ வேண்டிய உயரத்திற்கு அமைக்கலாம். அது பக்கவாட்டில் தள்ளுவதும் குறைவு. இரண்டாவது, விலா வளைவு. கூரையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கல்விலாக்களை அமைத்து, அவற்றின் இடையே மெல்லிய கற்பரப்பை நிரப்பினர். கூரையின் சுமை விலாக்களின் வழியே குறிப்பிட்ட தூண்களுக்குச் சென்று சேர்ந்தது. மூன்றாவது, சாய்வு முட்டு. ஆலயத்தின் வெளியே தனித்துயர்ந்த முட்டுச்சுவர்களை எழுப்பி, அவற்றிலிருந்து அரைவளைவுகளை வான்வழியே நீட்டி, மேற்சுவரின் தள்ளுதலைத் தாங்கச் செய்தனர். சுமை முழுதும் தூண்களிலும் முட்டுகளிலும் இறங்கவே, இடையிலுள்ள சுவருக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவ்விடத்தை வண்ணக் கண்ணாடிச் சாளரங்களால் நிரப்பினர்.

இம்மூன்றனுள் எதுவும் முற்றிலும் புதியதன்று. கூர்வளைவு மேற்காசியாவிலும் எகிப்திலும் முன்னரே வழங்கியது. கெய்ரோவில் 879இல் கட்டி முடிக்கப்பட்ட இபின் துலூன் பள்ளிவாசலில் அதனை இன்றும் காணலாம். இங்கிலாந்தின் டரம் பேராலயத்தில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விலா வளைவுகள் அமைந்தன. பல இடங்களில் சிதறிக்கிடந்தவற்றை ஒன்று சேர்த்து, ஒரு நோக்கத்திற்குப் பயன்படுத்தியதே கோதிக் கொத்தர்களின் பெருமை.

அவர்கள் இன்றைய பொறியியற் கணக்குகளை அறியார். கயிறும் கவராயமும் தூக்குக்குண்டும் தம் முன்னோரின் பட்டறிவுமே அவர்களுக்குத் துணை. அவ்வறிவு சிலபோது பிழைத்ததும் உண்டு. பாரிசின் நோத்ர தாம் பேராலயம் 1163இல் தொடங்கப்பட்டபின், நகரங்கள் ஒன்றையொன்று விஞ்ச முயன்றன. ஆமியன் நகரத்துப் பேராலயத்தின் உட்கூரை 42 மீட்டர் உயர்ந்தது. அதனையும் விஞ்ச எண்ணிய போவே நகரத்தார் 48 மீட்டர் உயரத்திற்குக் கூரையை எழுப்பினர். 1284இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மனந்தளராது புதுப்பித்தனர். பின்னர் 16ஆம் நூற்றாண்டில் அதன்மீது மிக உயர்ந்த சிகரம் ஒன்றை அமைத்தனர். அதுவும் 1573இல் விழுந்தது. அந்த ஆலயம் இன்றளவும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. உயர்வை விரும்புதல் நன்று. ஆனால் அதனைத் தாங்கும் அடிப்படையை மறத்தல் தீது என்பதற்கு அதுவே சான்று.

பிரான்சில் பிறந்த இக்கலை ஐரோப்பா முழுவதும் பரவியது. பரவிய இடந்தோறும் அது அந்நாட்டு மண்ணுக்கும் வானுக்கும் ஏற்ப உருமாறியது. இங்கிலாந்தில் ஆலயங்கள் உயரத்தைவிட நீளத்தை விரும்பின. கிழக்குமுகம் பிரெஞ்சு ஆலயங்களைப்போல் வளைந்திராமல், பெரும்பாலும் சதுரமாக முடியும். 1220இல் தொடங்கிய சால்சுபரி பேராலயத்தின் நடுவே பின்னர் எழுப்பிய சிகரம் 123 மீட்டர் உயரமுடையது. அதன் சுமையால் கீழேயுள்ள பெருந்தூண்கள் சற்றே வளைந்திருத்தலை இன்றும் காணலாம். கேம்பிரிட்சில் 1446இல் தொடங்கிய கிங்சு கல்லூரி ஆலயத்தின் கூரையோ, விசிறிகளை விரித்து வைத்தாற்போன்ற கல்விலாக்களால் ஆனது. அத்தகைய விசிறிக்கூரை ஆங்கில நாட்டிற்கே உரியது.

பால்டிக் கடற்கரையில் கட்டடத்திற்கு ஏற்ற கல் அரிது. அங்கு வாழ்ந்தோர் களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கி, அதனைக் கொண்டே கோதிக் ஆலயங்களை எழுப்பினர். லூபெக் நகரத்து மரியன்னை ஆலயம் செங்கல்லால் ஆனது. அதன் உட்கூரை 38 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ளது. கல்லில் செதுக்கும் நுண்சிற்பங்களைச் செங்கல்லில் செதுக்க இயலாது. ஆதலின் அவர்கள் அணியைக் குறைத்து, பரந்த செந்நிறச் சுவர்களின் கம்பீரத்தையே அழகாகக் கொண்டனர்.

இத்தாலியில் வெயில் மிகுதி. வடநாட்டார் ஒளியை வரவேற்கச் சுவரைத் திறந்தனர். இத்தாலியர் வெயிலைத் தடுக்கச் சுவரை மூடினர். சாளரங்கள் சிறுத்தன, அகன்ற சுவர்களில் ஓவியங்கள் இடம்பெற்றன. சியனா நகரத்துப் பேராலயம் கரும்பச்சையும் வெண்மையும் ஆகிய சலவைக்கற்கள் மாறி மாறி வரிவரியாக அமைந்தது. மிலான் நகரத்தார் 1386இல் தம் பேராலயத்தைத் தொடங்கியபோது, பிரான்சிலிருந்தும் செருமனியிலிருந்தும் வல்லுநர்களை அழைத்தனர். கட்டடத்தின் உயரம் என்ன, முட்டுச்சுவர் எவ்வளவு பருமன் என்பன குறித்து உள்ளூர்க் கொத்தர்க்கும் வந்தவர்க்கும் பெரும் வாதம் நிகழ்ந்தது. பிறநாட்டு முறையை அப்படியே ஏற்பதா, தம் வழக்கத்திற்கேற்ப மாற்றுவதா என்னும் வினாவே அவ்வாதத்தின் உட்பொருள். முடிவில் எழுந்த ஆலயம் இரண்டும் கலந்ததாயிற்று. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிலோ, பள்ளிவாசல் இருந்த இடத்தில் கோதிக் பேராலயம் எழுந்தது. பழைய பள்ளிவாசலின் உயர்ந்த தூபியை இடிக்காது, ஆலயத்தின் மணிக்கோபுரமாக்கிக் கொண்டனர்.

பெயர் ஒன்றாயினும் வடிவம் பலவாதல் இவற்றால் விளங்கும். கிடைக்கும் பொருள், வானிலை, முன்னோர் வழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு நாட்டின் கட்டடக்கலையை உருவாக்குகின்றன.

இனி, நம் நாட்டை நோக்குவோம். மலைக்கோட்டையின் மேற்குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்தது. அங்கே கல்லை அடுக்கவில்லை. இருந்த பாறையைக் குடைந்தே தூணும் உத்தரமும் அமைத்தனர். அடிவாரத்திலுள்ள குடைவரை பாண்டியர் காலத்தது. பின்னர்க் கற்றளிகள் எழுந்தன. கருங்கல் நிறைந்த நம் நாட்டில் தூணும் உத்தரமும் கொண்ட முறையே முதன்மை பெற்றது. தூணின் தலையில் போதிகையை நீட்டி, உத்தரத்தின் நீளத்தைக் குறைத்தனர். மேற்கூரையை ஒடுக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கினர். இம்முறையில் கற்கள் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. சுமை நேரே கீழிறங்கும். 1010இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரியகோயிலின் விமானம் சற்றேறக்குறைய 60 மீட்டர் உயரத்திற்கு இம்முறையிலேயே எழுந்தது. அதற்குச் சாய்வு முட்டு வேண்டியதில்லை.

நம் கோயில்கள் ஒளியை நாடாது இருளை நாடியதற்கும் காரணம் உண்டு. வெயில் மிக்க நாட்டில் நிழலும் குளிர்ச்சியுமே இன்பம். மேலும், பரந்த பிரகாரத்திலிருந்து மண்டபத்திற்கும், மண்டபத்திலிருந்து கருவறைக்கும் செல்லச்செல்ல ஒளி குறைந்து, முடிவில் ஒற்றை விளக்கின் சுடரில் இறைவனைக் காணுதல் நம் வழிபாட்டின் முறை. வண்ணச் சாளரத்தின் ஒளியும் கருவறையின் இருளும் அடியவர் உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் இருவேறு வழிகளேயாம்.

நம் கலையிலும் வட்டார வேறுபாடுகள் உண்டு. திருவரங்கமே அதற்குச் சான்று. ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்ட அப்பெருங்கோயில் ஒரு காலத்தில், ஓர் அரசரால் எழுந்ததன்று. முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அங்குள்ளது. 13ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டுப் போசள மன்னர், இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு இப்பகுதியை ஆண்டனர். திருவரங்கத்து வேணுகோபாலன் சந்நிதியின் புறச்சுவரில், வீணை ஏந்தியும் கண்ணாடி நோக்கியும் நிற்கும் மங்கையரின் சிற்பங்களில் போசளக் கலையின் சாயலைக் காணலாம். சேஷராயர் மண்டபத்திலோ, ஒரே கல்லில் பாய்ந்தெழும் குதிரைகளும் வீரர்களும் விசயநகரக் கலையின் வீறைக் காட்டுவன. ஒரே கோயிலுக்குள் பல நாடுகளின் கைவண்ணம் கலந்து, யாவும் தமிழ்நாட்டுக் கோயிலாகவே விளங்குகின்றன.

கூர்வளைவு இந்தியாவிற்கு வந்த வரலாறும் சுவையுடையது. தில்லியில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதுப் மினாரை அடுத்துள்ள பள்ளிவாசலுக்குக் கூர்வளைவுகள் கொண்ட முகப்பு வேண்டப்பட்டது. அதனைக் கட்டிய இந்தியக் கொத்தர், வடிவத்தைக் கூர்வளைவாகவே அமைத்தனர். ஆனால் கற்களைத் தம் பழைய வழக்கப்படி படுக்கையாக நீட்டி அடுக்கினர். கண் புதியதைக் கண்டது. கை பழையதைச் செய்தது. ஆப்புக்கற்களால் ஆன உண்மை வளைவு பின்னரே வழக்கிற்கு வந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தம் பழைய கோதிக் கலையை மீண்டும் போற்றத் தொடங்கினர். அவ்வலை இந்தியக் கரையையும் அடைந்தது. பம்பாயில் 1878 முதல் 1888 வரை கட்டப்பட்ட பெரிய இரயில் நிலையம் கோதிக் வளைவுகளோடு இந்தியப் பறவைகளையும் விலங்குகளையும் சுவரில் ஏந்தி நிற்கின்றது. அவ்வூர்க் கலைப்பள்ளி மாணவர் அச்சிற்பங்களில் பங்கு கொண்டனர். சென்னைச் சாந்தோம் பேராலயமும் அந்நூற்றாண்டின் இறுதியில் கோதிக் வடிவில் புதுக்கப்பட்டது. திருச்சியில், நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் இங்கு வந்த தூய வளனார் கல்லூரியை நடத்திய இயேசு சபையார், 1890களில் லூர்து மாதா ஆலயத்தை எழுப்பினர். பிரான்சின் லூர்து நகரில் 1876இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆலயம் இதற்கு முன்மாதிரி. அதுவும் 13ஆம் நூற்றாண்டுக் கலையைப் பின்பற்றியதே. இவ்வாறு, செயின்ட் டெனிசில் பிறந்த கூர்வளைவு ஏழு நூற்றாண்டுகள் கடந்து மலைக்கோட்டையின் அடியில் வந்து நின்றது.

கொலோன் என்னும் செருமானிய நகரத்திற்கும் திருவரங்கத்திற்கும் வியத்தகு ஒற்றுமை ஒன்று உண்டு. கொலோன் பேராலயம் 1248இல் தொடங்கப்பட்டது. பணம் குறைந்து, ஆர்வமும் குன்றி, 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றது. பாதியில் நின்ற கோபுரத்தின்மேல் கல்லேற்றும் மரப்பொறி ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டுகள் அப்படியே நின்றது. பின்னர் 1814இலும் 1816இலும் பழைய வரைபடத்தின் இரு பாதிகள் வெவ்வேறு இடங்களில் கிடைத்தன. 1842இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1880இல், தொடங்கி 632 ஆண்டுகள் கழித்து, 157 மீட்டர் உயரமுள்ள இரு கோபுரங்களும் முற்றுப்பெற்றன.

திருவரங்கத்தின் தென்வாயிலிலும் விசயநகர, நாயக்கர் காலத்தை ஒட்டித் தொடங்கிய பெருங்கோபுரம் கருங்கற்பகுதியோடு நின்றுபோயிற்று. மக்கள் அதனை மொட்டைக் கோபுரம் என்றனர். தலைமுறைகள் பல அதன் அடியில் நடந்து சென்றன. முடிவில் அகோபில மடத்து 44ஆம் பட்டம் அழகியசிங்கரின் முயற்சியாலும் பலர் அளித்த பொருளாலும், பழைய அடித்தளத்தின்மேல் 13 நிலைகளும் 13 கலசங்களும் கொண்டு 236 அடி உயரத்திற்கு அது எழுந்தது. 1987ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. அடிக்கல் இட்டவர் முடிவைக் காணவில்லை; முடித்தவர் அடிக்கல்லிட்டவரை அறியார். ஆயினும் இருவரும் ஒரே வேலையைச் செய்தனர்.

கட்டுதல் அரிது, காத்தல் அதனினும் அரிது. 2019 ஏப்ரல் 15ஆம் நாள் பாரிசின் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றியது. மேலேயிருந்த மரக்கூரை எரிந்தது; சிகரம் விழுந்தது. அதன் கீழிருந்த கல்விலாக்கூரை சில இடங்களில் உடைந்தாலும் பெரும்பகுதி தாங்கி நின்று, உள்ளிருந்தவற்றைக் காத்தது. பெயரறியாத கொத்தர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்த வேலை அன்று பயன் தந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 திசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த மரங்களுக்கு மாறாகக் கருவாலி மரங்களைக் கைக்கோடரியால் செதுக்கும் பழைய தச்சர் தொழில் அழியாதிருந்தமையால் அப்பணி எளிதாயிற்று. கட்டடத்தைக் காப்பது பொருள் மட்டுமன்று. கைத்தொழில் அறிவும் ஆகும்.

மாணவர்களே, நம் ஊர்க் கோயிலின் தூணில் கூர்ங்கல்லால் தம் பெயரைக் கீறிவிட்டுச் செல்வோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசி மறைத்திருத்தலையும் கண்டிருப்பீர்கள். அத்தூணைச் செதுக்கிய சிற்பி தன் பெயரை அதில் பொறிக்கவில்லை. அவன் விட்டுச்சென்ற வேலையே அவன் பெயர். அடுத்தமுறை மலைக்கோட்டையின் உச்சியில் நிற்கும்போது கோபுரத்தையும் கூர்வளைவையும் ஒருங்கே நோக்குங்கள். சுமை எங்கே இறங்குகின்றது, எது எதனைத் தாங்குகின்றது எனக் கேளுங்கள். அவ்வாறு கேட்கக் கற்றவன் எந்நாட்டுக் கலையையும் இகழான். தன் நாட்டுக் கலையைக் காக்கவும் தவறான்.